இன்சுலினின் விரைவும் சிறுநீரகத்தின் தாமதமும்

பெங்களூர் நகரில், பலா மரத்தின் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் அல்சூரில், ஏரியை ஒட்டிய தெருக்களில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் என்னும் படைவீட்டை அமைத்தபோது, படையோடும் அப்படைக்கு வேண்டிய பண்டங்களை வழங்கும் வணிகத்தோடும் வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை ஏரிக்கு அருகில் நிற்கின்றது. காலையிலும் மாலையிலும் அவ்வழியே உலாவச் செல்வோர் பேசிக்கொள்ளும் செய்திகளுள் அரசியல் ஒன்று, பிள்ளைகளின் வேலைவாய்ப்பு ஒன்று, மூன்றாவது சர்க்கரை. கடையில் விற்கும் சர்க்கரையின் விலையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ரத்தத்தில் ஏறியிறங்கும் சர்க்கரையைப் பற்றியே கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வு, இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடி மக்கள் நீரிழிவு நோய்க்கு ஆட்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே இப்பேச்சு அல்சூருக்கு மட்டும் உரியதன்று.

நமது தெருவில் பெரியவர் ஒருவர் இருந்தார். படைத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவோடு வாழ்ந்து, கடைசிப் பத்து ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருடைய மருமகள் ஒரு கிண்ணத்தில் பிரசாதத்தோடு நம் இல்லத்திற்கு வந்தார். "மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, அண்ணா. முப்பது யூனிட் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது பதினெட்டே போதுமாம். அதுதான் சோமேசுவரர் கோவிலில் அருச்சனை செய்துவிட்டு வருகிறோம்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். ஆறு திங்கள் கழிவதற்குள் பெரியவரின் பாதங்கள் வீங்கின; சோறு வெறுத்தது; சிறு படிகளை ஏறவும் மூச்சு வாங்கியது. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் கூறினார். நாம் நன்மை என்று கொண்டாடிய அந்தக் குறைவே வரவிருந்த தீமையின் முதல் அறிகுறியாய் இருந்தது.

இன்சுலின் தேவை குறைவது எவ்வாறு தீய குறியாகும்? சிறுநீரகம் பழுதடைந்து, டயாலிசிஸ் என்னும் ரத்தச் சுத்திகரிப்பால் உயிர் வாழ்வோரிடம், விரைந்து வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்ட இன்சுலின் எவ்வாறு நடந்துகொள்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, நூறாண்டு வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அவ்வரலாற்றில் இன்சுலினைத் தாமதப்படுத்த முயன்ற காலம் ஒன்று உண்டு. விரைவுபடுத்த முயன்ற காலம் ஒன்று உண்டு. அவ்விரண்டையும் கேளாமல் தன் போக்கில் கணக்கை மாற்றும் உறுப்பு ஒன்றும் உண்டு.

1889-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர், கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். கணையத்தில் ஏதோ ஒரு பொருள் சுரக்கின்றது, அஃது இன்மையால் சர்க்கரை பெருகுகின்றது என்பது அன்றே ஊகிக்கப்பட்டது. எனினும் அப்பொருளைப் பிரித்தெடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1921-ஆம் ஆண்டுக் கோடையில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில், பேராசிரியர் மக்லியாட் அவர்களின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங் என்னும் அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்னும் இளம் மாணவரும் அம்முயற்சியில் இறங்கினர். 1922 ஜனவரி 11-ஆம் நாள், அந்நகரின் மருத்துவமனையில் மரணத் தறுவாயில் கிடந்த லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு மிகுதியாக இருந்தமையால் பெரும் பயன் விளையவில்லை. காலிப் என்னும் வேதியியலார் அதனைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தபின், ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டனர். சர்க்கரை இறங்கியது, சிறுவன் எழுந்தான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவன் உயிர் வாழ்ந்தான். அதற்கு முன்னர், பட்டினி போடுவதைத் தவிர இளம் நீரிழிவு நோயாளருக்கு மருத்துவர் கையில் வேறு வழி இருந்ததில்லை என்பதை நினைத்தால், அந்நிகழ்ச்சியின் பெருமை விளங்கும். 1923-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் அளிக்கப்பட்டது. அவர்கள் முறையே பெஸ்டுக்கும் காலிப்புக்கும் அப்பரிசுத் தொகையில் பங்களித்தனர்.

புதிய மருந்து உயிரைக் காத்தது. ஆயினும் நோயாளரை ஓயவிடவில்லை. ஊசி போட்ட அரை மணிக்குள் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் அதன் ஆற்றல் அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நள்ளிரவில் எழுப்பியும் குத்த வேண்டியிருந்தது. ஆகவே அடுத்த முப்பது ஆண்டுகளின் உழைப்பெல்லாம் இன்சுலினைத் தாமதப்படுத்துவதிலேயே சென்றது. 1936-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஹாகெடோர்ன், மீனிலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்னும் புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, அது தோலின் அடியில் தங்கி மெல்ல மெல்லக் கரையுமாறு செய்தார். துத்தநாகத்தைச் சேர்த்தால் இன்னும் நீண்ட நேரம் தங்கும் என்பதும் அக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. 1946-இல் ஹாகெடோர்ன் பெயரைத் தாங்கிய என்.பி.எச். என்னும் வகையும், 1950-களின் தொடக்கத்தில் லென்டே என்னும் வகையும் வந்தன. நாளுக்கு ஓர் ஊசி போதும் என்ற நிலை பலருக்கு வாய்த்தது.

நம் தமிழ்நாட்டிலும் இக்காலத்திலேதான் நீரிழிவுக்கெனத் தனிக் கவனம் பிறந்தது. மருத்துவர் எம். விசுவநாதன் 1948-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவு நோயாளர்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தாமே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். நீரிழிவு என்பது சர்க்கரையை மட்டும் பற்றிய நோயன்று. கண், கால், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் காலப்போக்கில் அரிக்கும் நோய் என்னும் அறிவு இத்தகைய தனிப் பிரிவுகளின் வாயிலாகவே மக்களிடையே பரவியது.

சிறுநீரகத்தைப் பற்றிய செய்தி இங்கேதான் நம் கதையில் புகுகின்றது. நீண்ட ஆயுள் கிட்டியபோது, நீண்ட நாளில் வெளிப்படும் கேடுகளும் கிட்டின. ஹாகெடோர்ன் தம் மருந்தை வெளியிட்ட அதே 1936-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர், இறந்துபோன நீரிழிவு நோயாளரின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றின் வடிகட்டிகளில் முடிச்சு முடிச்சாக ஒரு தனி வகைத் தடிப்பு இருப்பதைக் கண்டு எழுதினர். 1951-ஆம் ஆண்டில் சுப்ராடு முதலிய மூன்று அமெரிக்க மருத்துவர்கள் இதைவிட வியப்பான ஒன்றை வெளியிட்டனர். இத்தகைய சிறுநீரகக் கேடு உடையவர்களுக்கு, நோய் முற்றிய காலத்தில் நீரிழிவு தணிவது போலத் தோன்றுகிறது. இன்சுலின் தேவை குறைகிறது என்பதே அவர்கள் கண்டது. அல்சூரில் ஒரு மருமகள் பிரசாதக் கிண்ணத்தோடு நம் வாயிலில் நின்றதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, அவர் சொன்ன செய்தி மருத்துவ ஏட்டில் பதிவாகியிருந்தது. அதன் பொருளும் பதிவாகியிருந்தது.

இதன் காரணத்தை எளிமையாகக் கூறுவோம். உடல்நலம் உடையவரின் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றது. அங்கேயே ஏறக்குறையப் பாதி செலவாகிவிடுகின்றது. எஞ்சியது உடலெங்கும் சுற்றி வரும்போது, அதனை அழித்து அகற்றும் பணியில் பெரும்பங்கு சிறுநீரகத்தினுடையது. ரத்தத்தோடு வரும் இன்சுலினை அது வடிகட்டி, தன் நுண்குழாய்களின் உயிரணுக்களில் உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றது. வடிகட்டாமலும் அருகே ஓடும் ரத்தத்திலிருந்து ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கின்றது. நாள்தோறும் சுரக்கும் இன்சுலினில் ஏறத்தாழக் கால் பங்கைச் சிறுநீரகங்களே அகற்றுகின்றன. ஊசியால் ஏற்றும் இன்சுலினோ கல்லீரலை முதலில் சந்திப்பதில்லை. நேரே பொது ரத்த ஓட்டத்தில் கலக்கின்றது. ஆகவே ஊசி போடுவோரிடம் சிறுநீரகத்தின் பொறுப்பு இன்னும் மிகுதி. அந்தச் சிறுநீரகம் சோர்ந்துவிட்டால், போட்ட இன்சுலின் போகாமல் தங்கிவிடுகின்றது. நேற்றுப் போட்ட அளவையே இன்று போட்டாலும், அஃது இன்னும் நீண்ட நேரம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

இதனோடு வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. பட்டினி வேளையில் புதிதாகச் சர்க்கரையை ஆக்கி ரத்தத்தில் சேர்க்கும் ஆற்றல் கல்லீரலுக்கு உள்ளது போலவே சிறுநீரகத்திற்கும் ஓரளவு உண்டு. சிறுநீரகம் கெடும்போது அந்தச் சேமக்காப்பும் போகின்றது. மேலும் கழிவுப் பொருள்கள் ரத்தத்தில் தேங்குவதால் பசி மந்தப்படுகின்றது. நோயாளர் உண்பது குறைகின்றது. வருவாய் குறைந்து, செலவு நீடித்தால் குடும்பம் என்னாகும்? ரத்தத்தில் சர்க்கரையின் நிலையும் அவ்வாறே ஆகின்றது.

இப்போது இன்சுலினை விரைவுபடுத்த முயன்ற காலத்திற்கு வருவோம். அவ்வரலாற்றில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார், எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்து 1964-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். 1930-களின் நடுவில் இன்சுலின் படிகத்தை முதன்முதலாகக் கதிர்ப்படம் எடுத்தவரும் அவரே. அப்படத்தின் பொருளை முழுதும் படித்தறிய அவருக்கு 1969-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டில் இன்சுலினின் அமைப்பை வெளியிட்ட குழுவினருள் எம். விஜயன் என்னும் இந்திய இளைஞரும் ஒருவர். கேரளத்தில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டு சென்றவர் அவர். 1971-ஆம் ஆண்டில் அக்கழகத்திற்கே திரும்பி, புரதப் படிகவியலை இந்நாட்டில் வேரூன்றச் செய்து, 2022-ஆம் ஆண்டில் மறையும் வரை இந்நகரிலேயே பணியாற்றினார். அல்சூர் ஏரியிலிருந்து அக்கழகம் சில கிலோமீட்டர் தொலைவிலேதான் உள்ளது.

அக்குழுவினர் கண்ட உண்மை யாது? படிகத்தில் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதில்லை. துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு, ஆறு ஆறாகக் கூடி நிற்கின்றன. புட்டியிலுள்ள மருந்திலும், ஊசி போட்டவுடன் தோலின் அடியிலும் பெரும்பாலும் இந்நிலையே. அறுவராய்க் கைகோத்து நிற்போர் குறுகிய வாயிலில் நுழைய இயலாது. கைவிட்டுத் தனித்தனியாய்ப் பிரிந்தால்தான் நுழையலாம். சாதாரண இன்சுலின் வேலை தொடங்க அரை மணி எடுத்துக்கொள்வதும், உணவுக்கு அரை மணிக்கு முன்பே ஊசி போடவேண்டும் என்ற விதி தோன்றியதும் இக்காரணம் பற்றியே.

அறுவரின் கைப்பிடியைத் தளர்த்திவிட்டால் மருந்து விரையும் அன்றோ? இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன இரு சங்கிலி. அவற்றின் வரிசையை 1955-ஆம் ஆண்டுக்குள் முழுமையாகக் கண்டறிந்தவர் சாங்கர். மரபணுப் பொறியியலின் துணையால், அவ்வரிசையில் இரண்டு இடங்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி அமைத்த லிஸ்புரோ என்னும் இன்சுலின் 1996-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கு வந்தது. ஓரிடத்தில் வேறோர் அமினோ அமிலத்தை வைத்த அஸ்பார்ட்டு அதன்பின் வந்தது; குளூலிசின் 2004-இல் வந்தது. இவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று முதல் ஐந்து மணிக்குள் அடங்குபவை. இலையில் அமரும் நேரத்தில் ஊசி போட்டால் போதும். 1936-இல் மருத்துவ உலகம் வேண்டியது தாமதம். 1996-இல் வேண்டியது விரைவு. மனித இன்சுலினை ஈஸ்டைக் கொண்டு பெங்களூரிலேயே ஆக்கும் தொழிலும் 2004-ஆம் ஆண்டில் பயோகான் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு வளர்ந்தது.

இனி டயாலிசிஸின் வரலாறு. 1943-ஆம் ஆண்டில், போர்க்கால நெருக்கடியில் இருந்த ஹாலந்து நாட்டில், கோல்ஃப் என்னும் மருத்துவர் மரச்சட்டத்தாலான சுழலும் உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, அதன் வழியே நோயாளரின் ரத்தத்தைச் செலுத்திச் செயற்கைச் சிறுநீரகத்தை ஆக்கினார். பதினைந்துக்கு மேற்பட்ட தோல்விகளுக்குப் பின், 1945-ஆம் ஆண்டிலேதான் ஒருவர் பிழைத்தார். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர், கையில் நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்தபின், வாரந்தோறும் ரத்தத்தைச் சுத்திகரித்து ஆண்டுக்கணக்கில் வாழ வழி பிறந்தது. 1966-ஆம் ஆண்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் பிஸ்டுலா முறை வந்தது. இன்றும் கையில் புடைத்து நிற்கும் அந்த ரத்தக்குழாயைக் கொண்டே டயாலிசிஸ் நோயாளரை அடையாளம் காண்கின்றோம்.

ஆனால் இயந்திரங்கள் சிலவே, நோயாளரோ பலர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யச் சியாட்டிலில் ஒரு குழு அமைக்க நேர்ந்தது. அக்காலத்து மருத்துவமனைகள் பல, நீரிழிவு நோயாளரைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கின. உடலெங்கும் நோய் பரவியவர்க்கு இயந்திரத்தை அளித்தும் பயனில்லை என்று கருதினர். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டம் இயற்றிய பின்னரே அங்கே அக்கதவு அகலத் திறந்தது. இந்நாட்டில் 1960-களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் புகுந்த இடங்களுள் ஒன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உயிரோடிருப்பவர் அளித்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தும் சிகிச்சை இந்தியாவில் முதன்முதலாக 1971-ஆம் ஆண்டில் நடந்ததும் அங்கேதான். 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை அறிவித்தது. ஒரு காலத்தில் வாயிலில் நிறுத்தப்பட்ட நீரிழிவு நோயாளரே இன்று டயாலிசிஸ் கூடங்களில் பெருந்தொகையினராய் உள்ளனர். 2012-ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பதிவேடு ஒன்றில், நாட்பட்ட சிறுநீரக நோய்க்குரிய காரணங்களுள் நீரிழிவே 31 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது.

இவ்வாறாக, விரைவுபடுத்தப்பட்ட இன்சுலினும் இயந்திரத்தால் இயங்கும் சிறுநீரகமும் ஒரே உடலில் சந்திக்கின்றன. அச்சந்திப்பில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விரைவு இன்சுலின் ரத்தத்தில் நுழையும் வேகம் பெரும்பாலும் குறைவதில்லை. அறுவரின் பிடி தளர்ந்தது தளர்ந்ததே. ஆயினும் வெளியேறும் வாயில் குறுகிவிட்டது. வருகையில் விரைவும், விடைபெறுவதில் தாமதமும் கொண்ட விருந்தினனைப் போல அது நடந்துகொள்கின்றது. அவ்வாறாயினும் பழைய சாதாரண இன்சுலினோடு ஒப்பிட்டால், அதைவிட விரைவில் இது நீங்குகின்றது. ஆதலின் டயாலிசிஸ் நோயாளர் பலருக்கு இதுவே தக்கதென மருத்துவர் கொள்கின்றனர். அளவுதான் மாற வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நடுத்தரமாகக் குறைந்தால் இன்சுலினைக் கால் பங்கும், மிகவும் குறைந்துவிட்டால் பாதியும் குறைக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி ஒரு தொடக்கக் கணக்கு வகுத்தது. 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிறுநீரகம் நலிந்த மருத்துவமனை நோயாளருள் ஒரு சாரார்க்கு வழக்கமான அளவும், மற்றவர்க்கு அதில் பாதியும் தந்தனர். சர்க்கரைத் தாழ்வு முதற்சாராருள் 30 விழுக்காட்டினர்க்கு நேர்ந்தது. பாதியளவு பெற்றோரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர்க்கே நேர்ந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடோ இருசாரார்க்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

கணக்கு இவ்வளவோடு முடிந்தால் எளிது. கழிவுகள் தேங்கிய ரத்தம் தசைகளை இன்சுலினுக்குச் செவிசாயாதவாறு செய்கின்றது. அஃதாவது ஒரு பக்கம் இன்சுலின் தங்குகிறது, மறுபக்கம் அதன் சொல் எடுபடுவதில்லை. டயாலிசிஸ் நடந்து கழிவு நீங்கியதும் தசைகள் மீண்டும் செவிசாய்க்கின்றன. நேற்று வரை அடக்கமாயிருந்த அதே அளவு, அன்று வேகம் பெறுகின்றது. சுத்திகரிக்கும் நீரில் சர்க்கரை சேர்க்கப்படாவிட்டால், நாலு மணி நேரத்தில் ரத்தத்துச் சர்க்கரையும் அந்நீரோடு இறங்கிப் போகும். ஆகவே 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் என்னும் அளவில் அதில் சர்க்கரை சேர்ப்பது பல கூடங்களில் வழக்கம். ரத்தத்திலுள்ள இன்சுலினில் ஒரு பகுதி இயந்திரத்தின் சவ்வில் ஒட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. அதனால் சுத்திகரிப்பு முடிந்த சில மணி நேரத்தில் சர்க்கரை திடீரென ஏறுவதும் காணப்படுகின்றது. வயிற்றுறை வழியே செய்யும் சுத்திகரிப்பிலோ, திரவத்திலேயே சர்க்கரை மிகுதி. அஃது உடலில் ஏறுவதால் இன்சுலின் தேவை கூடக்கூடும். எனவே டயாலிசிஸ் நாள் வேறு, ஓய்வு நாள் வேறு. இரண்டிற்கும் ஒரே அளவு பொருந்துவது அரிது.

நீண்ட நாள் நீரிழிவால் இரைப்பையின் நரம்புகள் நலிந்தவர்க்கு உண்ட உணவு மெல்லவே இறங்கும். ஊசி பத்து நிமிடத்தில் வந்துவிடும். சோறு ஒரு மணி கழித்து வரும். இத்தகையோர்க்கு உணவுக்கு முன்னர்ப் போடாமல், உண்டு முடித்த பின்னர், உண்ட அளவைப் பார்த்துப் போடுமாறு மருத்துவர் கூறுவது இதனாலேதான். மருந்து விரைவானதாய் இருப்பதன் நற்பயன் இங்கே வெளிப்படுகிறது. பழைய இன்சுலினை இவ்வாறு பின்னர்ப் போடுவது பயன் தராது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனையையும் முழுவதும் நம்பலாகாது. டயாலிசிஸ் நோயாளரின் சிவப்பணுக்கள் குறைந்த ஆயுளுடையவை. அதனால் அச்சோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். வியர்வை, நடுக்கம் முதலிய எச்சரிக்கைகளும், நரம்பு நலிவாலும் சில ரத்த அழுத்த மருந்துகளாலும் மறைந்துவிடக்கூடும். ஆதலின் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து அடிக்கடி பார்ப்பதே உறுதியான வழி.

மீண்டும் அல்சூருக்கு வருவோம். பெரியவருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் தொடங்கிற்று. ஒரு நாள் மாலை, சுத்திகரிப்பு முடிந்து களைத்து வந்தவர், வழக்கம்போல் விரைவு இன்சுலினைப் போட்டுக்கொண்டார். மருமகள் இட்லி எடுத்து வருவதற்குள், "இப்போது வேண்டாம் அம்மா" என்று கூறிப் படுத்துவிட்டார். அரை மணி கழித்து எழுப்பியபோது, அவர் பேச்சு குழறியது. மருமகளையே அடையாளம் தெரியவில்லை. வீட்டிலிருந்த அளவுமானியில் 41 என்று கண்டதும், அந்த அம்மையார் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துச் சர்க்கரை நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். பெரியவர் கண் விழித்தார். நாம் ஓடிச் சென்றபோது, அவ்வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்டோம். விரைவில் வந்து விரைவில் நீங்கும் இன்சுலினை உணவுக்குப் பதினைந்து நிமிடம் முன்னர்ப் போடுக என்று அதில் அச்சாகியிருந்தது. அந்தத் தமிழ் நாம் எழுதிய தமிழ்.

சில ஆண்டுகளுக்கு முன், நீரிழிவைப் பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கும் பணி நமக்கு வந்திருந்தது. மூலத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. சிறுநீரகம் பழுதடைந்தோர்க்கு இவ்விதி பொருந்தாது, மருத்துவரைக் கேட்டு அளவையும் நேரத்தையும் மாற்றுக என்பது அதன் கருத்து. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்பதற்காக அவ்வரியை நாம் விட்டுவிட்டோம். விரைவு என்னும் அந்தச் சொல்லை அழகாகப் பெயர்த்தோம். அச்சொல் யாருக்கு உண்மை, யாருக்கு அன்று என்பதைப் பெயர்க்கவில்லை. மருந்தின் பெயரில் உள்ள விரைவு, நல்ல சிறுநீரகம் உடையவரைக் கொண்டு அளந்த விரைவாகும். பழுதடைந்த சிறுநீரகம் உடையவரிடத்தில் அதன் முற்பாதி மட்டுமே மெய்.

மறுநாள் அத்தாளை நாமே கிழித்தெடுத்து, மருத்துவர் எழுதித் தந்த புதிய குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். டயாலிசிஸ் நாளுக்கு ஓரளவு, மற்ற நாளுக்கு ஓரளவு. முதலில் சர்க்கரையைப் பார்த்தல், பிறகு உண்ணுதல், அதன்பின் ஊசி. பெரியவர் அதன்பின் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தகைய மாலை மீண்டும் அவ்வீட்டில் வரவில்லை.

நேயர்களின் இல்லத்தில் நெடுநாள் நீரிழிவு உடையவர் யாரேனும் இருந்து, உணவும் உடலுழைப்பும் மாறாதிருக்க, இன்சுலின் தேவை தானாகவே இறங்கினால், கோவிலுக்குச் செல்வதைத் தடுக்க நாம் விரும்பவில்லை. செல்லும் வழியில் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்பதையும் சோதித்துக்கொண்டு செல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோர் தம் ஊசியின் அளவைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ முனையாமல், சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவாராக. நம் அலுவலக மேசையிலோ, அவ்வெளியீட்டின் புதிய பதிப்புக்கான தாள் இருக்கின்றது. விட்டுப்போன வரி இம்முறை பக்கத்தின் தலைப்பிலேயே நிற்கும்.